கப்பல்கார அக்காவின் கல்

செலினாவுக்கு அறுபது வயது நெருங்குகிறது. இருபத்திரண்டு வயதில் செத்துப்போன ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை அவள் இன்னமும் அக்கா என்றுதான் சொல்வாள். கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை அவளுக்கு. யாராவது கேலி செய்தால் பொறுத்துக்கொண்டு போகிற ஆள் இல்லை, முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிடுவாள்.

உறவு வந்த கதை இது. புருஷனையும் கைக்குழந்தையையும் சிலோன் தேயிலைத் தோட்டத்து மண்ணில் புதைத்துவிட்டு, ஏழு வயதுச் செலினாவோடு கப்பலேறி வந்தவள் அவள் தாய் அடைக்கலமேரி. மலைக்கு வந்த முதல் வருஷம் கல்லறைத் திருநாளன்று ஊரே சுண்ணாம்பு வாளியும் பூவும் மெழுகுவத்தியுமாகக் கிளம்பியது. அவரவர் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளையடித்து, எழுத்துகளின்மேல் கறுப்புப் பெயின்ட் ஓட்டி, திரி ஏற்றி அழுதார்கள். அடைக்கலமேரிக்கு அழ ஒரு கல் இல்லை. மெழுகுவத்தியும் கையுமாக நின்றவள், மூலையில் புல் மூடிக் கிடந்த ஒரு கல்லைப் பார்த்தாள்.

பக்கத்தில் நின்ற டீச்சர் கல்லைப் படித்து, தனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொன்னார். ரயில்வே துரை ஒருவரின் மகளாம். யுத்தத்தில் கடற்படை வேலைக்குப் போனவள், கொழும்புக்குப் போகும் வழியில் கப்பலோடு மூழ்கிவிட்டாள். உடம்பு கிடைக்கவில்லை, கல்லை மட்டும் நட்டுவிட்டுப் பெற்றவர்கள் சீமைக்குப் போய்விட்டார்கள். டீச்சர் பெயரையும் சொன்னார், அது இவர்கள் வாயில் நிற்கவில்லை. கப்பல்கார அக்கா என்று செலினா வைத்ததே நிலைத்தது. அடைக்கலமேரி அந்தக் கல்லின்மேல் கவிழ்ந்து, அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள்.

அன்றிலிருந்து ஒரு வருஷம் தவறியதில்லை. சுண்ணாம்பு அடிப்பதில் தாயும் மகளும் கஞ்சத்தனமே பார்க்கவில்லை. கறுப்புப் பெயின்ட்டை மட்டும் தொடமாட்டார்கள். தெரியாத இங்கிலீஷ் எழுத்தைத் தப்பாக ஓட்டிவைத்தால் செத்தவளுக்கு அவமானம் என்று பயம். இப்படியே ஐம்பது வருஷத்துச் சுண்ணாம்பு ஏறி, கல் மொழுமொழுவென்று ஆகிவிட்டது. அம்மாவும் போய் அதே கல்லறைத் தோட்டத்தில் வேறொரு குழியில் அடங்கினாள். ஆனாலும் செலினாவின் முதல் மெழுகுவத்தி அக்காவுக்குத்தான்.

இந்த வருஷம் கல்லறைக் குழுக்காரன் ராபின் வீட்டுக்கு வந்தான். டாக்சி ஓட்டுகிற நல்ல பையன்தான், குழுவில் சேர்ந்த பிறகு பேச்சில் கொஞ்சம் விறைப்பு ஏறியிருந்தது. கல்லறையில் இடம் இல்லையாம், பேர் தெரியாத கல்லையெல்லாம் எடுக்கப் போகிறார்களாம். கடலில் போனவளை இங்கே அடக்கம் செய்யாததால் கோயில் பதிவிலும் அவள் இல்லை.

"ஞாயித்துக்கெழமக்குள்ள கல்லுல பேரக் காட்டுங்க அத்த. இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல" என்றான்.

அவன் போனதும் செலினா மூலையில் இருந்த சுண்ணாம்பு வாளியைப் பார்த்தாள். பாசத்தில் பூசிப் பூசி, பேரை மூடியதே நாங்கள்தானா?

மறுநாள் வெள்ளனே லீவு சொல்லிவிட்டுப் போனாள். ஈரச்சாக்கைக் கல்லில் போர்த்தி ஊறவிட்டு, மரக்கரண்டியால் சுரண்டினாள். சுண்ணாம்பு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்தது. மேலே இருந்ததெல்லாம் அவள் அடித்தது. அடியில் போகப்போக, அம்மா அடித்தது. அங்கே கை ஓடவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதுவிட்டு, "கோவிச்சுக்காதம்மா" என்று சொல்லிவிட்டுச் சுரண்டினாள்.

சாயங்காலம் ராபின் வந்தபோது எழுத்துகள் வெளியே தெரிந்தன. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் தடவித் தடவிப் படித்தான். வினிஃப்ரெட் கானலி, வயது இருபத்திரண்டு. கல்லை எடுக்கமாட்டார்கள் என்றான். பிறகு, அவன் விறைப்பெல்லாம் எங்கேயோ போயிருக்க, மெதுவாகக் கேட்டான்.

"பொறுப்புக்கு ஒரு ஆளு வேணும்னு கேப்பாங்க. இவுங்க ஒங்களுக்கு என்ன வேணும்னு சொல்லட்டும்?"

செலினா முந்தானையால் கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "கப்பல விட்டு எறங்குனப்ப எங்களுக்கு அழக்கூட ஒரு எடம் இல்ல ராபினு. பெத்தவுங்க இவளுக்குன்னு வச்சிட்டுப் போன எடத்த இவ எங்கம்மாவுக்குக் குடுத்தா. அப்பறந்தான் எங்கம்மா சோறு தின்னா. அதுக்கு என்ன ஒறவோ, அதப் போயிச் சொல்லு."