அம்மா திருப்பிச் செய்த சீர்

பித்தளைத் தட்டில், தேங்காய்க்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த அந்த அரக்குச் சேலையின் ஓரத்தில் வெற்றிலைக் கறை இருந்தது. எனக்குச் சடங்கு நடந்த அன்று தாய்மாமன் சீராக வந்த சேலை அது. மாமா அப்போது கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெரிய கங்காணி. ரயில்வே பட்டறைக் கூலிக்கு வாழ்க்கைப்பட்ட தங்கையின் மகளுக்குத் தன் மனைவி உடுத்திக் கழித்ததே போதும் என்று நினைத்துவிட்டார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் எல்லோரும் கறையைப் பார்த்தார்கள். அம்மா முகம் மாறாமல் அதையே எனக்கு உடுத்தி மணையில் உட்கார வைத்தார்.

சில வருடங்களில் ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கே அனுப்பினார்கள். கங்காணி வேலையும் போய், மாமா கிள்ளானில் ஒரு பலகை வீட்டில் ஒதுங்கினார். அங்கேதான் அவர் மகள் பெரியவளானாள். அத்தை முறைக்கு ஒரு தட்டும் பூவும் போதும். அம்மாவோ, அப்பா தடுத்தும் கேளாமல், எங்கள் கறவை மாட்டை விற்றார். கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து மேளத்தோடு தட்டுகள் போயின. பட்டுச்சேலை, வெள்ளிக் கொலுசு, பழம், பலகாரம், பின்னால் மாட்டு வண்டியில் அரிசி மூட்டை. வாசலில் நின்ற மாமாவிடம் தெருவே கேட்கும்படி அம்மா சொன்னார்:

"எம்மகளுக்கு நீங்க செஞ்சத மறக்க முடியுமாண்ணே? அதான், என்னால ஆனதத் திருப்பிச் செய்யறேன்."

மாமா தட்டை வாங்கிக்கொண்டார். நல்ல நாளில், கூட்டத்துக்கு நடுவே, வேண்டாமென்று சொல்ல முடியுமா?

வாங்கியவர் மறுபடி நிமிர வேண்டுமென்றால் திருப்பிச் செய்தாக வேண்டும். அது மாமாவுக்குத் தெரியும். அம்மாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். என் கல்யாணத்துக்கு மாமா வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார். பந்தியில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா அதை அலுக்காமல் சொன்னார்.

நான் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது, ஒரு மதியம், கால் கட்டிய கோழியோடு மாமா வந்தார். தான் வளர்த்த கோழி, பிள்ளைத்தாய்ச்சிக்குச் சாறு வைத்துக் கொடுக்கச் சொன்னார். அம்மா காப்பி கொடுத்தார், அண்ணியின் உடம்பை விசாரித்தார். கிளம்பும்போது கோழியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"நமக்குள்ள என்னண்ணே இதெல்லாம்? நீங்க இருக்கற நெலமையில, கொண்டு போயி ஆக்கிச் சாப்பிடுங்க."

மாமா கோழியோடு படியிறங்கினார். சந்து முழுக்கக் கோழி கத்திக்கொண்டே போயிற்று. பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். முனை திரும்பும்வரை அம்மா கதவைச் சாத்தவில்லை.

வயதான மனிதர், பாவம் என்று என் பிள்ளைகள் இப்போது சொல்கிறார்கள். எனக்கு இன்றுவரை அப்படித் தோன்றியதில்லை.