எழுத்தில் கொடுங்கள்

"அதை ஆஃப் பண்ணிவிடு" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். இன்றும் வருகிறது. சர்வர் வேலை பார்ப்பவர்களுக்கு எதை என்று விளக்க வேண்டாம். பாதிப் பேர் தாங்களே அணைத்துவிட்டுக் கமுக்கமாக இருப்பவர்கள்தான். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கேளம்பாக்கத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் சாலையில் ஒரு தனியார் கல்லூரி. அங்கே நான்கு வருடம் ஒப்பந்த ஊழியராக இருந்தேன். வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள், அல்லது புதுப்பிக்க மாட்டார்கள். அந்தக் கல்லூரியில் மாணவர், ஆசிரியர், அலுவலகத்தார் யார் எந்தக் கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டு போட்டாலும், "இவர் இன்னார்தான், உள்ளே விடலாம்" என்று சொல்வது ஒரே ஒரு சர்வரில் ஓடும் ஒரு நிரல். நாங்கள் அதை லாகின் சேவை என்போம். அது நின்றால் கல்லூரி நின்றுவிடும்.

அந்தச் சேவை ஓடுவது ரூட் அதிகாரத்தில். ரூட் என்றால் அந்த இயந்திரத்தில் எதையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம், ஏன் என்று கேட்க ஆளில்லை. வெளியிலிருந்து ஒருவன் அந்தச் சேவையில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து நுழைந்துவிட்டால் அத்தனை அதிகாரமும் அவன் கைக்குப் போய்விடும். அபார்ட்மெண்ட்டில் எல்லா வீட்டுச் சாவியையும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, அவர் நல்ல மனிதர் என்று நம்பிக்கொண்டு தூங்குவது போலத்தான். எனக்கு அப்படியெல்லாம் தூக்கம் வராது.

அதனால் அதைச் சுற்றி வேலி போட்டேன். லினக்ஸில் அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள், ஓடுகிற ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு லேபிள். எந்த லேபிள் எந்த லேபிளைத் தொடலாம் என்று விதிகள் எழுத வேண்டும். விதியில் இல்லாததை இயந்திரம் தடுத்துவிடும். ரூட் அதிகாரத்தில் கேட்டாலும் தடுக்கும். இதைப் படித்த அன்று நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு நடை நடந்தேன். பெரிய ஆளையும் சேர்த்துக் கட்டுகிற விதியை அதுவரை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

என் ஊர் செய்யூர்ப் பக்கம். அடுத்தவர் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கியும் சவுக்குத் தோப்பில் மரம் வெட்டியும் என்னைப் படிக்க வைத்தார்கள் அப்பாவும் அம்மாவும். வேலைக்கான நேர்காணலில் மேனேஜர் என் சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டே, "செய்யூர்ல எந்தப் பக்கம்மா உங்க வீடு?" என்றார். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

"காலனி சார். அடுத்த கேள்வி கேளுங்க" என்றேன்.

வேலை கிடைத்தது. அவர் அதை மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

சர்வர் அறையில் நாங்கள் இரண்டு பேர். இன்னொருவன் என் நண்பன். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்திலிருந்து டூவீலரில் வருவான். வீட்டில் அண்ணன்மார் எல்லாம் இன்னும் கடலுக்குப் போகிறார்கள். இவனுக்கு மட்டும் படகில் ஏறினால் வாந்தி. என்னைவிட இரண்டு வயது இளையவன் என்பதால் என்னை அக்கா என்பான், ஆனால் நக்கலில் மரியாதை எல்லாம் கிடையாது. நான் லேபிள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஒருமுறை கேட்டான்.

"இன்னாக்கா, ஊர்ல லேபிள் குத்துனா சண்டைக்குப் போற. இங்க குந்திகினு ஃபைலுக்கெல்லாம் நீயே குத்திகினுகீற?"

சுருக்கென்றது. மறுநாள் டீக்கடையில் சொன்னேன். "இந்த லேபிள் அது செய்யற வேலையப் பாத்து ஒட்றது. தப்பா இருந்தா ஒரே கமாண்ட்ல மாத்திக்கலாம். ஊர்ல அப்படி ஒரு கமாண்ட் இருந்தா சொல்லு, இப்பவே தட்டறேன்."

அவன் வடையைக் கடித்துக்கொண்டே தலையாட்டினான். ஒத்துக்கொண்டானா என்று தெரியவில்லை.

வேலி போட்டு முடிக்க மூன்று மாதம் ஆனது. முதலில் வேலியைத் தடுக்காத நிலையில் வைத்தேன். அந்த நிலையில் சேவை என்ன செய்தாலும் விட்டுவிடும், ஆனால் விதியை மீறியதை எல்லாம் பதிவேட்டில் குறித்து வைக்கும். தினமும் காலையில் வந்ததும் அந்தப் பதிவேட்டைத்தான் படிப்பேன். ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வி: இது இதற்கு உண்மையிலேயே தேவையா? எல்லா வரியையும் அள்ளிப் போட்டால் தானாகவே அனுமதி எழுதிக் கொடுக்கிற கருவி ஒன்று உண்டு. அதைப் பயன்படுத்துவதற்கு வேலி போடாமலே இருக்கலாம். ஒரு நாள் சேவை எல்லோருடைய சொந்தக் கோப்புறைகளையும் படிக்கப் பார்த்தது. தேடினால், எவரோ எந்தக் காலத்திலோ போட்டுவிட்டுப் போன ஒரு செட்டிங். அனுமதி தரவில்லை, அந்தச் செட்டிங்கை எடுத்தேன். இப்படி ஒவ்வொன்றாக அடைத்து, ஒரு வாரம் பதிவேடு காலியாகவே இருந்த பிறகு, தடுக்கும் நிலைக்கு மாற்றினேன். எனக்கு நானே ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு கோப்பை வேறு இடத்துக்கு நகலெடுத்தால், நகல் புது இடத்தின் லேபிளை எடுத்துக்கொள்ளும். நகர்த்தினால் பழைய இடத்தின் லேபிளோடே வந்து உட்காரும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், பெயர் சரி, இடம் சரி, ஆனால் சேவை அதைத் தொட முடியாது. இதில் விழாத ஆளே கிடையாது. அதனால் சர்வர் அறைக் கதவில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டினேன்: "நகர்த்தாதே. நகலெடு." நண்பன் மறந்துவிட்டான் என்று இரண்டு தடவை அவனைக் கிழித்திருக்கிறேன்.

நாலாவது வருடம், என் ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம். அந்தத் திங்கட்கிழமை பத்து மணிக்குக் கணினி ஆய்வகத்தில் தேர்வு. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பகுதிக்கு மாதாந்திர மின்தடை என்பதால் சர்வர்களை நிறுத்தியிருந்தோம். திங்கள் காலை ஏற்றினால், எல்லாம் ஏறியது, லாகின் சேவை மட்டும் ஏறவில்லை.

ஒன்பதரை மணிக்கு ஆய்வக வாசலில் பிள்ளைகள் ஹால் டிக்கெட்டோடு வரிசையாக நின்றார்கள். ஒருவராலும் உள்ளே நுழைய முடியாது. மேனேஜர் வந்தார், அவருக்குப் பின்னாலேயே கல்லூரி இயக்குநரும் வந்தார். அவ்வளவு சின்ன அறையில் நான்கு பேர்.

"உங்க பூட்டுதாம்மா காரணம். அத ஆஃப் பண்ணுங்க, எல்லாம் ஓடும்" என்றார் மேனேஜர். என் வேலிக்குக் கல்லூரியில் பூட்டு என்றே பெயராகியிருந்தது.

அவர் சொன்னது உண்மை. அணைத்தால் ஓடும். ஒரே ஒரு கட்டளை, ஒரு நொடி வேலை. ஆனால் அன்று அணைத்தால் அது மறுபடி எழாது என்றும் எனக்குத் தெரியும். "தேர்வு நாளில் காலை வாரிய பூட்டு" என்று பெயராகிவிடும், அப்புறம் யார் போட விடுவார்கள்?

"ஒரு நிமிஷம் சார்" என்று பதிவேட்டைத் திறந்தேன். கடைசி வரியிலேயே இருந்தது. சேவை தன் அடையாளத்தை நிரூபிக்கும் சான்றிதழ்க் கோப்பைப் படிக்கப் போயிருக்கிறது, தடுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோப்பின் மேல் இருந்த லேபிள், என் சொந்தக் கோப்புறையின் லேபிள்.

வெள்ளிக்கிழமை மாலை. பழைய சான்றிதழ் காலாவதியாகப் போகிறதென்று புதியதைத் தயார் செய்தேன். ஐந்து மணிக்குக் கல்லூரிப் பேருந்து. அதை விட்டால் வண்டலூர் போய், அங்கே நின்று, ஊரப்பாக்கத்தில் இருக்கும் வீடு வந்து சேர மணி எட்டாகும். கைப்பை தோளில், ஒற்றைக் கையால் தட்டினேன். நகர்த்தினேன். நகர்த்தாதே என்று என் கையால் எழுதி ஒட்டிய கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். ஓடிக்கொண்டிருந்த சேவை பழைய சான்றிதழை நினைவில் வைத்துக்கொண்டு ஓடியது. மறுபடி ஏற்றும்போது புதியதைக் கேட்டது.

பொய் சொல்ல மாட்டேன், அந்தச் சில நொடிகள் அணைத்துவிடத்தான் நினைத்தேன். அணைத்தால் யாரும் பதிவேட்டைப் படிக்கப் போவதில்லை. பழி பூட்டின் மேல் விழும். என் பெயர் சுத்தமாக இருக்கும், ஒப்பந்தமும் கையெழுத்தாகும். மேனேஜருக்கும் மகிழ்ச்சி. நான் செய்ததற்கு வாயில்லாத ஒன்று பழி சுமக்க வேண்டும், அவ்வளவுதான். அதை நினைத்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எவனோ செய்ததற்கு எங்கள் தெரு பழி சுமந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

"ஆஃப் பண்ண மாட்டேன் சார்" என்றேன். "பூட்டு சரியாத்தான் இருக்கு. தப்பு என்னோடது. வெள்ளிக்கிழம நான் ஒரு ஃபைல தப்பா வச்சிட்டுப் போயிட்டேன்."

லேபிளைச் சரிசெய்யும் கட்டளையைத் தட்டினேன். சேவையை ஏற்றினேன். ஏறியது. பத்தாக இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. பிள்ளைகள் உள்ளே போகும் சத்தம் கேட்டது.

மேனேஜர் இயக்குநர் பக்கம் திரும்பி, "இதுக்குத்தான் சார் நான் அப்பவே சொன்னேன்" என்றார். அப்போது என்ன சொல்லியிருப்பார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

மதியம் விளக்கக் கடிதம் கேட்டார். எழுதினேன். என்ன நடந்தது, யார் செய்தது, எப்படிச் சரியானது, எல்லாம் அரைப் பக்கம். படித்துவிட்டு, "கடைசியில, இனிமே அந்தப் பூட்ட ஆஃப்ல வச்சிருப்பேன்னு ஒரு வரி சேத்துடுங்க. கான்ட்ராக்ட் பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு" என்றார், ரொம்பக் கனிவாக.

"அணைக்கணும்னா நீங்க எழுத்துல கொடுங்க சார். இன்ன காரணத்துக்காக, இன்ன தேதியிலேருந்து, என் பொறுப்புலன்னு. கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. இப்பவே அணைக்கறேன்."

என் கடிதத்தை மடித்து இழுப்பறையில் போட்டார். பேனா அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எதுவும் எழுத்தில் வரவில்லை. வீட்டில் அம்மா, "வாய மூடிகினு இருந்தா இன்னா கொறஞ்சா போயிருப்ப?" என்று இரண்டு நாள் ஓயாத திட்டு. அழுதேன். தப்பை ஒத்துக்கொண்டதற்காக ஒரு சொட்டு அழவில்லை. நான்கு வருடம் ஒவ்வொரு காலையும் படித்த பதிவேட்டை இனி யார் படிப்பார்கள் என்றுதான் அழுதேன். கடைசி நாள் கதவிலிருந்த தாளைக் கிழிக்கப் போனேன். நண்பன், "அது இருக்கட்டும்கா" என்றான்.

இப்போது செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் இதே வேலை. ஒரே ரயில், பேருந்து மாற வேண்டியதில்லை. போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நண்பன் கூப்பிட்டான். கல்லூரியில் அட்மிஷனுக்கு ஏதோ புது மென்பொருள் போடுகிறார்களாம். போட வந்த கம்பெனிக்காரர்கள் முதல் வேலையாக லாகின் சர்வரில் பூட்டை எடுக்கச் சொன்னார்களாம். மேனேஜரும் பின்னாலேயே வந்து நின்றாராம்.

"அத்த ஆஃப் பண்ணுன்னாருக்கா. எனக்கும் அடுத்த மாசம் கான்ட்ராக்ட் வருது."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னாத்த சொல்றது. ஒரு வெள்ளப் பேப்பர எடுத்து அவரு முன்னாடி வெச்சேன். எழுத்துல குடுங்க சார்னேன்."

கையிலிருந்த சோற்றுருண்டையை டப்பாவிலேயே போட்டுவிட்டேன். "குடுத்தாரா?"

"பேனா மூடியக்கூட தொறக்கலக்கா" என்றான்.