பூட்டியாச்சா என்று கேட்கும் மனசு

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் அரிசி மொத்த வியாபாரம் செய்கிறவர் தேவப்பிரியம். சாத்தான்குளத்துக்காரர். கடையைச் சாத்தும்போது மனைவி தங்கபுஷ்பமும் கூடவே நிற்பாள். ஆனாலும் வீடு வந்து சேர்ந்ததும், "புஷ்பம், பூட்டினேம்லா?" என்று கேட்பார். "பூட்டியாச்சுங்க" என்பாள். சாப்பிடும்போது மறுபடி கேட்பார். கை கழுவும்போதும் கேட்பார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கே கிளம்பிவிடுவார். தன் பேச்சில் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று தங்கபுஷ்பம் மனசுக்குள் புழுங்கினாள்.

கடைக்கு எதிரே பூ விற்கும் குப்பம்மா, ஒருநாள் அப்படித் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தவரிடம், "இன்னா அண்ணாச்சி, பூட்டு உங்கள வுட்டுட்டு எங்க ஓடப்போவுது?" என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. ஷட்டரைப் பிடித்தபடி கண் கலங்கி நின்றார்.

மறுநாள் குப்பம்மாவே தங்கபுஷ்பத்திடம் வந்தாள். "நான் கிண்டல் பண்ணது தப்புக்கா. என் தம்பியும் இப்டித்தான் கை கழுவிகினே கெடப்பான். ஆஸ்பத்திரில காட்டினோம், இப்ப நல்லா கீறான். அண்ணாச்சிய இட்டுகினு போ."

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, மனநல ஆலோசகர் மெர்லினிடம் அனுப்பினார். மெர்லின் நிதானமாகச் சொன்னாள்: "வேண்டாம்னு தள்ளினாலும் திரும்பத் திரும்ப வர்ற எண்ணத்துக்கு எண்ணச் சுழற்சின்னு பேரு. அந்தப் பதற்றத்த அடக்க ஒரே காரியத்தத் திரும்பத் திரும்பச் செய்றது கட்டாயச் செயல். எண்ணம் வர்றத நாம தடுக்க முடியாது. செயலக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தலாம்."

பிறகு தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பினாள். "பூட்டியாச்சான்னு அவர் கேக்குறப்ப நீங்க என்ன சொல்வீங்க?"

"பூட்டியாச்சுன்னு சொல்லுவேன்."

"அப்படிக் கேட்டு நிம்மதி தேடுறதும் கட்டாயச் செயல்தான்மா. உங்க பதில் கொஞ்ச நேரம் தாங்கும். அப்புறம் சந்தேகம் இன்னும் பெரிசா வரும்."

தங்கபுஷ்பத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக ஆறுதல் என்று நினைத்துச் சொன்னதா நோய்க்குத் தீனி போட்டது? ஆனால் கூடவே ஒரு பாரமும் இறங்கியது. அவருடைய சந்தேகம் தன்மேல் இல்லை.

இனி பதில் சொல்வதில்லை என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தார்கள். அன்று மாலை அவர் கேட்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பதில் சொல்ல மாட்டேன்னு பேசினோம்லா. இப்படி உக்காருங்க, நானும் இருக்கேன்." அவருக்கு வேர்த்துக் கொட்டியது. வாசல்வரை போனார், திரும்பி வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துத்தான் மூச்சு சீரானது. அவள் அடுப்படிக்குப் போய் அழுதாள்.

எல்லா நாளும் அப்படி அமையவில்லை. சில நாள் சண்டை போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினார். ஆனால் ஓடுகிற நாட்கள் குறைந்துகொண்டே வந்தன.

போன மாதம் சாத்தான்குளத்தில் அவர் தங்கை மகள் கல்யாணம். கடையை விட்டு அவர் வெளியூர் வராததால், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் பல வருஷமாகத் தனியாகவே போய்வந்த தங்கபுஷ்பம், இந்த முறை அவரோடு ரயில் ஏறினாள். செங்கல்பட்டு தாண்டியதும், "கேக்கணும் போல இருக்கு" என்றார்.

"இருக்கட்டும்."

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தவர், கொஞ்ச நேரத்தில் கண்ணயர்ந்துவிட்டார்.

கல்யாணம் முடிந்த மறுநாள் பெட்டியை அடுக்கியவள் தங்கபுஷ்பம்தான். தங்கை வீட்டு முற்றத்தில் மச்சானோடு பேசிக்கொண்டிருந்த தேவப்பிரியம் திரும்பிப் பார்த்து, "என்ன அவசரம் புஷ்பம்? ரெண்டு நாள் இருந்துட்டுப் போவோமே" என்றார்.