இணைச்சீருக்கு வேண்டிய அக்கா

போன வருஷம் ஆனி மாதக் கடைசியில், திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பத்திர ஆபீஸ் வாசலில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நடுவில் அவளாக எதையாவது நாகரிகமாக மாற்றிவிடுவாளோ என்று வரிக்கு வரி திருப்பிப் படிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் மகன் ஒரு காலேஜில் பஸ் ஓட்டுகிறான். இத்தனை வருஷமும் வாடகை வீடுதான். ஒரு வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது என்பார்கள். இன்னொரு வீட்டில் தண்ணீர் மோட்டாரைத் தொடக் கூடாது என்பார்கள். கடைசியில் பேங்கில் லோன் போட்டு ஒரு பழைய ஓட்டு வீடு பார்த்தான். போய்ப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. பின்னால் ஒரு முருங்கை, துணி துவைக்க அகலமான கல், கோழிக்கு எவ்வளவு இடம்! அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்றுகூட அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

விற்கிறவர் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போட்டுச் சம்பாதித்தவர். அது அவருடைய அப்பா கட்டிய வீடு. அப்பா உயில் எதுவும் எழுதாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். பத்திரங்களைப் பார்த்த பேங்க் வக்கீல், “இவருக்கு ஒரு அக்கா இருக்காங்க. அவங்களுக்கும் இதுல சரிபாதி உண்டு. அவங்க தன் பங்கை விட்டுக் கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதினாத்தான் லோன்” என்று சொல்லிவிட்டார். விற்கிறவர் சிரித்தார். “அதெல்லாம் எப்பவோ கணக்குத் தீத்தாச்சுங்க. அக்காவைக் கூட்டியாந்து கைநாட்டு வெக்கச் சொல்றேன்” என்றார். நாங்களும் நம்பிவிட்டோம். ஆடி பிறந்தால் கிரயம் பண்ண மாட்டார்கள், பேங்க் கொடுத்த கெடுவும் முடிகிறது என்று மகன் பறந்துகொண்டிருந்தான்.

அன்றைக்கு ஆபீஸில் டோக்கன் போட்டுவிட்டு வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். முட்டிவலிக்காரி நான், நிற்க முடியாது. பக்கத்தில் என் வயசுக்காரி ஒருத்தி, மடிப்புக் கலையாத புதுச்சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக உட்கார்ந்திருந்தாள். விற்கிறவரே எங்கள் இருவருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம்தான் தெரிந்தது, அவள்தான் அந்த அக்கா.

“எந்தம்பிங்க. கார் வெச்சுக் கூட்டியாந்தானுங்க. சேலை வேற எடுத்துக் குடுத்தான்” என்றாள். முகமெல்லாம் பூரிப்பு.

“எதுக்கு வரச் சொன்னாங்க அம்மிணி?”

“ஊட்டு வரி ரசீது எங்கப்பன் பேருலயே இருக்குதாமுங்க. அதை மாத்தோணுமாம். ஒரு கை வெச்சுட்டுப் போக்கான்னான்.”

விடுதலைப் பத்திரத்தைத்தான் வரி ரசீது என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்.

உள்ளதைச் சொல்கிறேன். அந்த டீ தீரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. முருங்கை மரம் கண்ணில் வந்தது, கோழி வந்தது, மகன் நாயாய் அலைந்தது எல்லாம் வந்தது. நமக்கென்ன, அவர்கள் வீட்டு விவகாரம் என்றுகூட நினைத்தேன். அப்போது அவள் பாட்டுக்குச் சொல்கிறாள்: “தைப்பொங்கலுக்கு அந்த ஊட்டுக்குப் போயி ரெண்டு நாள் இருந்துட்டு வரோணுமுங்க. எங்கம்மா அந்த ஊட்லதான் கண்ணை மூடுச்சு.”

அவ்வளவுதான். எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! முட்டிவலி போன இடம் தெரியவில்லை, எழுந்துவிட்டேன்.

“ஏனுங்க, இங்க வாங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் ஜெராக்ஸ் கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். விற்கிறவர் வந்தார்.

“உங்க கண்ணாலத்துல இணைச்சீர் ஆருங்க செஞ்சது?”

எங்கள் பக்கம் மாப்பிள்ளையோடு பிறந்தவள் வந்து மணவறையில் இணைச்சீர்ச் சடங்கு செய்யாமல் கல்யாணம் நடக்காது. எவ்வளவு பெரிய பணக்காரனாக இருந்தாலும் அக்காவோ தங்கச்சியோ வந்து நின்றாக வேண்டும்.

“எங்கக்காதானுங்க. அதுக்கென்ன இப்போ?”

“இணைச்சீருக்கு அக்கா வேணும். கைநாட்டுக்கும் அக்கா வேணும். பங்குக்கு மட்டும் வேண்டாமுங்களா? வரி ரசீதுன்னு பொய் சொல்லி இழுத்தாந்திருக்கறீங்களே!”

அவர் முகம் சிவந்தது. “அக்காளுக்கு அன்னைக்கே சீர் செஞ்சு அனுப்பியாச்சுங்க. பொட்டப்புள்ளைக்குச் சீர்தான் பங்கு. ஊடு வாங்க வந்தவங்க ஊடு வாங்கிட்டுப் போங்க.”

“சீர் செஞ்சது உங்கப்பனுங்க. நீங்க என்ன குடுத்தீங்க, இந்த டீயா?”

மகன் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தான். “ஏம்மா, சித்த நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டயா? லோன் போச்சுன்னா மறுக்கா ஆரு குடுப்பா?” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அதற்கும் சேர்த்து அந்த ஆள் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. நேர்மையாக விற்றிருந்தால் என் பிள்ளை ஏன் கலங்க வேண்டும்?

அந்த அம்மாள் யாரோடும் சண்டை போடவில்லை. தம்பியை நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “ஊட்டையா விக்கற சாமி?” அவர் டோக்கன் நம்பரைப் பார்க்கிற மாதிரி ஆபீஸ் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றுகொண்டேன். பதிவு செய்கிற அதிகாரி ஒரு சின்ன வயசுப் பெண். எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் அவளிடமும் கேட்டார். “உங்க பங்கை தம்பிக்கு விட்டுக் கொடுக்கறீங்க. சம்மதமாம்மா?” அக்காக்காரி கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, “சம்மதமில்லீங்க” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் பதிவு நின்றுபோனது.

வெளியே வந்ததும் தம்பிக்காரர் கத்தினார். “இனி உனக்குப் பொறந்த ஊடு இல்லைன்னு நெனச்சுக்க!” வந்த காரில் அவளை ஏற்றவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் ஷேர் ஆட்டோவில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அந்த மல்லிகையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டே வந்தாள்.

என் மகன் என்னோடு பேசவில்லை. தட்டை டக்கென்று வைப்பான், எழுந்து போவான். ஆடி பிறந்தது, லோன் கெடுவும் முடிந்தது. பேங்க் வக்கீலிடம் நடந்ததைச் சொல்லப் போனவன், திரும்பி வந்து வாசலிலேயே நின்றான். “என்ன ஏதுன்னு சொல்லாம வாங்கின கைநாட்டை வெச்சு வீடு வாங்கியிருந்தா, பின்னாடி அந்தம்மா கோர்ட்டுக்குப் போயிருக்கும். வீடும் வழக்குல மாட்டும், தவணையும் நீதான் கட்டணும்” என்று வக்கீல் சொன்னாராம். அதை என்னிடம் நேராகச் சொல்ல ரோசம். பேத்தியைக் கூப்பிட்டு, “உங்கப்பத்தாவைச் சாப்பிடச் சொல்லு” என்றான். நான் அன்றைக்கு இரண்டு முறை சோறு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

வேறு யாரும் வாங்க வராததால் ஆவணியில் அந்த ஆள் தானாகவே இறங்கி வந்தார். மகன் மறுபடி பேங்குக்கு நடந்தான். இந்த முறை அக்காவும் தம்பியும் சேர்ந்தே விற்பதாகப் பத்திரம் எழுதினார்கள். பேங்க் அவளுக்குத் தனியாக ஒரு டிராஃப்ட் கொடுத்தது. அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, “எந்தம்பி இனி பேசவே மாட்டானுங்களா?” என்று என்னைக் கேட்டாள். “பால் காய்ச்சிக் குடிபோற அன்னைக்கு நீங்க வரோணும் அம்மிணி” என்றேன்.

பால் காய்ச்சுக்கு அவள் வந்தாள். அடுப்பை நான் நினைத்திருந்த மூலையில் வைக்க விடவில்லை. “எங்கம்மா இங்கதானுங்க வெச்சிருந்துச்சு” என்று தானே இடம் காட்டினாள். வைத்துவிட்டேன். தைப்பொங்கலுக்கும் வந்து இரண்டு நாள் இருந்தாள். கிளம்பும்போது பிறந்த வீட்டுச் சீராக ஒரு சேலையும் ஒரு கோழியும் கொடுத்து அனுப்பினேன்.

ஆனாலும் என் கோபம் ஆறவில்லை. இன்றைக்கும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், இணைச்சீருக்கு அக்காளையும் தங்கச்சியையும் தேடித் தேடிக் கூப்பிடும்போது, பத்திர ஆபீஸுக்கு இவர்களை என்ன சொல்லிக் கூட்டிப்போவார்களோ என்றுதான் என் வயிறு எரிகிறது.