மைனஸால் வகுத்தால் குறி திரும்பும்

பதவி உயர்வுத் தேர்வு எழுத இன்று காலை கொல்கத்தா மெட்ரோவில் பவானிபூருக்குப் போனேன். பக்கத்தில் ஒரு வங்காளிப் பெண்ணும் என்னைப் போலவே கணக்குப் புத்தகத்தோடு இருந்தாள்.

−2x < 6 என்ற கணக்குக்கு நான் x < −3 என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்து, வங்காளத்தில் அக்கா என்று கூப்பிட்டாள்.

“தீதி, மைனஸால வகுத்தா குறியைத் திருப்பணும்.”

“ஏன் திருப்பணும்?”

அவளுக்கும் தெரியவில்லை. “x-க்கு சைபர் போட்டுப் பாருங்க” என்றாள்.

போட்டேன். சைபர் ஆறைவிடச் சின்னது, கணக்கு பொருந்துகிறது. ஆனால் என் விடையில் சைபருக்கு இடமே இல்லை. சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

தேர்வில் அதே மாதிரிக் கணக்கு வந்தது. குறியைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தால், முன்வரிசையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

காலியிடம் ஒன்றுதான். நான் யாருக்காக வேண்டிக்கொள்ளட்டும், சொல்லுங்கள்?