ஏரியில் விட்ட கொடுவா

ஓசூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் ஒரு பகல் முழுக்கப் பேருந்தில் உட்கார வேண்டும். அந்த ஊரில் இருக்கும் எங்கள் தொழிற்சாலை, இரண்டு வருடங்களுக்கு முன், கொடுவா மீனைக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்தது. சுற்றுவட்டார ஏரிகளில் நல்லதையெல்லாம் மற்ற கம்பெனிகள் முந்திக்கொண்டு தத்தெடுத்துவிட்டன. மரக்கன்று நடப் போனால் குழிக்கு ஒரு கம்பெனிப் பலகை நின்றது. யானையை யோசித்தார்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை தின்ற ராகிக்கு விவசாயிகள் நம்மிடம் பதில் கேட்பார்கள் என்று அதையும் விட்டுவிட்டார்கள். மிச்சமிருந்தது கடல்தான்.

நான் அங்கே பல்சக்கரங்களின் அளவைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். கடலூருக்குத் தெற்கே ஓர் ஆற்று முகத்துவாரத்தில் மீன்பிடிக் குடும்பம் எங்களுடையது. அண்ணன் இன்னும் சின்னப் படகில் போகிறார். இது எப்படியோ மனிதவளப் பிரிவு மேலாளருக்குத் தெரிந்துவிட்டது. பெங்களூரிலிருந்து தினமும் வந்துபோகும் அம்மையார் அவர்.

“நீங்க ஃபிஷர்மேன் ஃபேமிலிதானே? கொடுவா பத்தி எல்லாருக்கும் ஒரு பத்து நிமிஷம் சொல்லுங்க. ஈஸி அல்வா?” என்றார். கன்னடத்தில் ‘இல்லையா’ என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். இத்தனை வருடமாகியும் எனக்கு அது இனிப்பாகத்தான் காதில் விழுகிறது. ஒப்புக்கொண்டேன்.

கேன்டீனில் பேசினேன். கொடுவா உப்புத் தண்ணீரிலும் நல்ல தண்ணீரிலும் வளரும், முதலில் ஆணாகத்தான் இருக்கும், சில வருடம் வளர்ந்து பெரிதான பிறகே பெண்ணாக மாறும் என்றேன். குஞ்சைப் பிடித்தால் நாளைக்குப் பெண்ணாக ஆளில்லை, பெரியதைப் பிடித்தால் இன்றைக்கு முட்டையிட ஆளில்லை. மழைக்காலத்தில் சினை மீன்கள் முகத்துவாரத்தில் வந்து கூடும்போது பெரிய விசைப்படகுகள் வெளியே காத்திருந்து மொத்தமாக வாரிக்கொண்டு போகின்றன என்றும் சொன்னேன்.

“அப்போ பெரிசாயி பொம்பளையானதும் புடிச்சுடறாங்களா?” என்று கேட்டார் அசெம்பிளியில் பதினைந்து வருடமாக ஒரே இடத்தில் நிற்கும் ஓர் அக்கா. “இங்கயும் அப்படித்தான்.” பெண்கள் வரிசை முழுவதும் சிரித்தது. ஆலைத் தலைவர் கைப்பேசியைப் பார்த்தார்.

அன்று மாலை அண்ணனுக்குப் போன் செய்து, கம்பெனி உதவி செய்யத் தயாராக இருக்கிறது, என்ன வேண்டும் என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

“மழை மாசம் ஒண்ணரை மாசம் நம்ம படகு எதுவும் ஆத்து வாய்க்கிட்ட வலை போடக் கூடாதுன்னு பேசிக்கிட்டிருக்கோம்டா. ஆனா அந்த ஒண்ணரை மாசம் அடுப்பு எரியணும். வூட்டுக்கு அரிசி, பருப்பு குடுத்தாங்கன்னா போதும். பெரிய போட்டுக்காரன் மேல ஒரு மனு எழுதிக் குடுத்தாலும் நல்லது.”

மறுநாள் கூட்டத்தில் அதை அப்படியே சொன்னேன். மேலாளர் உண்மையாகவே அக்கறையுடன் கேட்டுக்கொண்டார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

“ஐடியா நல்லா இருக்கு. ஆனா வலை போடாம இருக்கறதை எப்படி போட்டோ எடுக்கறது?”

மனு எழுதுவது அரசியல் என்று ஆலைத் தலைவர் ஒதுக்கிவிட்டார். கடைசியில், குஞ்சு பொரிப்பகத்திலிருந்து கொடுவாக் குஞ்சுகளை வாங்கித் தண்ணீரில் விடுவது என்று தீர்மானமானது. கடலுக்குப் போய்வர ஆலைத் தலைவருக்கு நேரமில்லை. அதனால் கெலமங்கலம் சாலையில், சாக்கடை கலந்து நுரைத்துக் கிடந்ததால் எந்தக் கம்பெனியும் சீந்தாத ஓர் ஏரியைப் பிடித்தார்கள்.

“கொடுவா நல்ல தண்ணியிலயும் வளரும்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றார் மேலாளர்.

“வளரும் மேடம். ஆனா முட்டை போட உப்புத் தண்ணிக்குப் போயாகணும். இந்த ஏரியிலேருந்து எப்படிப் போகும்?”

“அது நெக்ஸ்ட் ஃபேஸ்.”

அந்த இடத்தில் நான் எழுந்து, இது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லியிருக்க வேண்டும். பதவி உயர்வுப் பட்டியல் அந்த மாதம்தான் வருவதாக இருந்தது. தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

குஞ்சுகள் ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் வேனில் வந்தன. கொடுவாவுக்குப் பசித்தால் அண்ணன் தம்பி பார்க்காது. வழியிலேயே பெரியவை சிறியவற்றைத் தின்றுவிட்டு, வயிறு புடைத்து நீந்திக்கொண்டிருந்தன. ‘கடலைக் காப்போம்’ என்ற பதாகையின் கீழே ஆலைத் தலைவர் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு பையை நுரைக்குள் கவிழ்த்தார். நுரை பாதிப் படத்தை மறைத்துவிட்டதால் இன்னொரு முறை கவிழ்க்கச் சொன்னார்கள். நானும் தொப்பி போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

ஏரியை மீன் வளர்ப்புக்குக் குத்தகை எடுத்தவரை யாரும் கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்து அவரே தொழிற்சாலை வாசலுக்கு வந்தார். மீன் விவகாரம் என்றதும் என்னைத்தான் அனுப்பினார்கள்.

“என்னா சார் உட்டீங்கோ ஏரியில? என் கட்லா குஞ்சு ஒண்ணு இல்லை. ஜிலேபிக் கெண்டை இல்லை. எல்லாத்தையும் முழுங்கிக்கினு கீதுங்கோ,” என்றார். கோபம் தலைக்கேறும்போது தெலுங்குக்கு மாறி, எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் தமிழுக்கு இறங்கி வந்து, விட்ட இடத்திலிருந்து திட்டினார். மேலாளரிடம் சொன்னேன். அவருக்கு ஒரு தொப்பியும் மரக்கன்றும் கொடுத்து அனுப்பச் சொன்னார். கொடுத்தேன். தொப்பியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த கோடையில் ஏரி வற்றியபோது குத்தகைக்காரர் இழுவலை போட்டார். அதற்குள் சில கொடுவாக்கள் முழங்கை நீளம் வளர்ந்திருந்தன. சாலையோரம் தார்ப்பாய் விரித்து ‘கடல் கொடுவா’ என்று அட்டையில் எழுதி வைத்தார். எங்கள் முதல் ஷிப்ட் பேருந்து அங்கே நின்றது. ஒரு மணி நேரத்தில் தார்ப்பாய் காலி. என்னைப் பார்த்ததும் வெகு நாள் சிநேகிதர் போலத் தோளில் கை போட்டார்.

“இந்த வருசமும் உடுவீங்களா சார்?”

அதே வாரம் எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து கடல்வளப் பாதுகாப்புக்கான பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. வந்திருந்தால் இதை எழுதியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

அந்த மழைக்காலம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அரிசி, பருப்பு எதுவும் எங்கிருந்தும் வராமலேயே அண்ணனும் மற்றவர்களும் முகத்துவாரத்தில் வலை போடுவதை நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் அல்ல. ஏழு படகுக்காரர்கள், பிள்ளைகள் பட்டினி என்று சொல்லி மூன்றாம் வாரமே போட்டுவிட்டார்கள். அண்ணன் அவர்களைத் திட்டவில்லை. பகலெல்லாம் மணல்மேட்டில் ஒரு தார்ப்பாய்க்கடியில் உட்கார்ந்து, வெளியூர்ப் படகு வந்தால் கத்துவதற்காகக் காத்திருந்தோம். ஏரியில் கொடுவா விட்ட கதையை அங்கேதான் அண்ணனிடம் சொன்னேன். தூரத்தில் விசைப்படகுகள் வரிசையாக நின்றன. அவர்களிடம் கத்தி என்ன பயன்?

வீட்டுச் சமையலுக்காக முகத்துவாரத்தைத் தாண்டி உள்ளே ஆற்றில் அண்ணன் போட்டிருந்த நண்டு வலையில் ஒரு பெரிய கொடுவா சிக்கியது. வயிறு நிறையச் சினை. அண்ணன் வலையை அறுத்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அது செவுள் அசைத்து நிலைக்கு வரும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்து, பிறகு நீந்திப் போக விட்டார். மேலேறி வந்து கை துடைக்கும்போது, “உங்க கம்பெனிக்காரங்க இந்தப் பக்கம் வருவாங்களா?” என்று கேட்டார்.

“வர மாட்டாங்கண்ணே.”

“நல்லது,” என்றார். அறுந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு தைக்க உட்கார்ந்தார்.