உபவாசத்தினாலும்

யுத்த வருஷங்களில் தூத்துக்குடியில் ஒரு பத்திரிகையில் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். காகிதத் தட்டுப்பாட்டால் பத்திரிகையின் பக்கங்கள் குறைந்தன; அச்சகத்தில் வெளிவேலையும் எடுத்தார்கள். அப்படி வந்தது ஒரு பாதிரியார் எழுதிய மாற்கு சுவிசேஷ உரை.

அக்காளும் அவள் மகளும் என்னோடு இருந்தார்கள். கொழும்பில் கடைவேலைக்குப் போன அத்தான் கப்பல் கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்டார். பிள்ளைக்கு வலிப்பு. டாக்டரின் மருந்து அவளைத் தூங்கவைத்தது, வலிப்பை நிறுத்தவில்லை. உள்ளே அடுப்பு, பின்னால் கிணறு, தெருமுனையில் கடல். வேலை செய்யும்போது அக்காள் பழைய சேலைத் துணியால் பிள்ளையை இடுப்பில் சுற்றிச் சன்னல் கம்பியில் கட்டிவைப்பாள். அவளும் வீட்டைவிட்டு நகர்வதில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூட.

மாற்கில் இப்படி ஒரு பையன் வருகிறான். தீயிலும் தண்ணீரிலும் விழுகிறவன். சீஷர்களால் அவனைக் குணமாக்க முடியவில்லை. இந்த வகை ஜெபத்தினாலும் உபவாசத்தினாலும்தான் போகும் என்று இயேசு சொல்வதாக எங்கள் வேதத்தில் இருந்தது. அக்காள் புதனும் வெள்ளியும் சாப்பிடமாட்டாள். வலிப்பு வந்தால் இன்னொரு நாளைச் சேர்ப்பாள். அந்த மாசியில் அவள் சாப்பிட்ட நாள்களே குறைவு. கிணற்றடியில் குடத்தோடு ஒருமுறை விழுந்தாள்.

பாதிரியாரின் அடிக்குறிப்பு வேறு சொன்னது. உபவாசம் என்ற சொல் மிகப் பழைய இரண்டு கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. பின்னால் படியெடுத்த யாரோ சேர்த்தது. அதற்குப் பின்வந்த உரைகாரர்கள் அதையே மூலமென்று நம்பிப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதிவிட்டார்கள். அன்று வெள்ளிக்கிழமை. புரூப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் அக்காளிடம் வாசித்துக் காட்டினேன்.

"பாதிரியார் சொல்லுதாரா, நீ சொல்லுதியா?"

"அவருதான் எழுதியிருக்காரு. ஆண்டவர் ஜெபம்னு மட்டுந்தான் சொன்னாராம். சாப்பிடுக்கா."

"உசிரோட இருந்த உப்பளத்து அண்ணாச்சிய செத்துட்டாருன்னு போட்ட ஆபீஸ்தானலே ஒங்க ஆபீஸ்."

"மறுநாளே திருத்தம் போட்டோம்லா."

சிரித்தாள். பிறகு பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டே கேட்டாள்: "சேத்தவன் எதுக்குலே சேத்தான்?"

"விரதம் இருக்க சந்நியாசி எவனாவது சேத்துருக்கலாம்னு போட்டுருக்கு."

"சந்நியாசியா? அவன் வீட்டுலயும் இப்படி ஒண்ணு கெடந்துருக்கும். ஜெபிச்சிப் பாத்துருப்பான். கேக்கல. வேற என்ன செய்யன்னு தெரியாம எழுதிட்டான்."

அடிக்குறிப்பை இன்னொரு முறை வாசித்தேன்.

"வெறும் ஜெபம் போதும்னா, நான் செய்யதுக்கு என்னலே இருக்கு?" என்றாள். சொல்லிவிட்டுத் தட்டை இழுத்துச் சோறு போட்டுக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். தலை நிமிராமல், வேகமாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. எப்போதும் வருவதைவிடப் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. அக்காள் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். சன்னல் கம்பியிலிருந்த முடிச்சை அவிழ்த்து, துணியை ஒரு சாண் குறுக்கி மறுபடி கட்டினாள். மத்தியானம் எனக்கும் பிள்ளைக்கும் மட்டும் தட்டு வைத்தாள்.